பசித்தவனுக்கு மறுக்கும் உரிமை உண்டா?

2002 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளின் முன்பக்கங்களில் சமாதான முயற்சிகளைத் தவிர வேறு எந்தச் செய்திக்கும் இலகுவில் இடம் கிடைப்பதில்லை. அந்த வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டிருந்தது. செப்டெம்பரில் தாய்லாந்தில் முதற்சுற்றுப் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. அத்தகையதொரு நாளில் வெளிநாட்டுச் செய்தி முகவரகம் ஒன்றின் மூலமாக வந்த செய்தியைத் தமிழாக்கம் செய்து, உட்பக்கம் ஒன்றின் மூலைக்குள் இரு பத்திகளில் அடக்கிக் கொடுத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பட்டினியின் விளிம்பில் நின்ற ஆபிரிக்க நாடொன்று அமெரிக்கா இலவசமாகக் கொடுத்த சோளத்தை வாங்க மறுத்துவிட்டது என்பதே அந்தச் செய்தி.

அந்த நாடு ஸாம்பியா. மறுத்தவர் அப்போது பதவியேற்று ஒரு வருடம்கூட நிறைவடைந்திராத ஜனாதிபதி லெவி முவனவாசா. அவர் கூறிய காரணம், அந்தச் சோளம் மரபணு மாற்றம் செய்யப்பட்டது என்பதாகும். செய்தியை மொழிபெயர்த்து முடித்தபோது, 'என்ன பைத்தியக்காரத்தனம்!' என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. மாற்றிக்கொண்டது முழுமையாக அல்ல என்பதையும் ஆரம்பத்திலேயே கூறிவிடுவது நல்லது.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2001, 2002 ஆண்டுகளில் தென் ஆபிரிக்கப் பிராந்தியத்தைக் கடும் உணவு நெருக்கடி பீடித்தது. ஸாம்பியா, ஸிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக், லெசோதோ, சுவாசிலாந்து ஆகிய ஆறு நாடுகளிலும் ஒரு கோடி 30 இலட்சம் பேர் வரையில் உணவு உதவியை எதிர்பார்த்து நிற்பதாக 2002 நடுப்பகுதியில் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. ஸாம்பியாவில் மாத்திரம் இந்தத் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. உலக உணவுத் திட்டத்தின் ஊடாக அனுப்பப்பட்ட உதவியில் பெரும்பங்கு அமெரிக்கச் சோளம். அமெரிக்காவில் அந்த வருடம் விளைந்த சோளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணு மாற்றப்பட்ட இனங்கள். அங்கு இரண்டையும் பிரித்து வைப்பதில்லை. எனவே வந்திறங்கிய மூடைகளில் இரண்டும் கலந்திருந்தன.

அயல்நாடுகள் ஒரு நடுவழியைக் கண்டன. ஸிம்பாப்வே, மொசாம்பிக், மலாவி போன்றவை மாவாக அரைத்துத் தந்தால் ஏற்றுக்கொள்வதாகக் கூறின. சுவாசிலாந்து தானியமாகவே பெற்றுக்கொண்டது. ஸாம்பியா மாத்திரம் தானியமாகவும் வேண்டாம், மாவாகவும் வேண்டாம் என்றது. ஏற்கெனவே களஞ்சியங்களுக்கு வந்துசேர்ந்திருந்த சோளத்தையும் விநியோகிக்கக்கூடாது என்று அரசாங்கம் தடுத்தது. மக்கள் பசியோடிருக்கிறார்கள் என்பதற்காக அவர்களுக்கு நஞ்சைக் கொடுக்க முடியாது என்ற அர்த்தத்தில் முவனவாசா கூறிய வார்த்தைகள் உலகெங்கும் தலைப்புச் செய்தியாகின. ரோமிலுள்ள ஐ.நா. உணவு அமைப்புகளுக்கான அமெரிக்கத் தூதுவர் டோனி ஹோல், பட்டினி கிடக்கும் தமது மக்களுக்கு உணவை மறுக்கும் தலைவர்கள் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக விசாரிக்கப்பட வேண்டும் என்னும் அளவுக்குச் சென்றார்.

முவனவாசா தன்னிச்சையாக முடிவெடுத்தார் என்று சொல்வதற்கில்லை. 2002 ஆகஸ்டில் தலைநகர் லுசாக்காவில் பகிரங்க விவாதம் நடத்தப்பட்டது. கமக்காரர் அமைப்புகள், திருச்சபையினர், பெண்கள் அமைப்புகள் எனப் பலரும் கருத்துக் கூறினர். அதன் பின்னர் உயிரிரசாயனவியலாளர் முவனன்யண்டா லெவானிக்கா தலைமையில் ஒரு நிபுணர் குழு தென்னாபிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டது. அமெரிக்கா தானும் செலவுக்கு உதவிய அந்தப் பயணத்தின் முடிவில், போதிய உத்தரவாதம் இல்லாத நிலையில் முன்னெச்சரிக்கையாக நடந்துகொள்வதே சரி என்று குழு சிபாரிசு செய்தது. அதையடுத்தே ஒக்டோபரில் இறுதி மறுப்பு அறிவிக்கப்பட்டது.

ஸாம்பியா எதைக் கண்டு அஞ்சியது? அதன் அச்சங்களை மூன்றாக வகுக்கலாம். அவை மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

முதலாவது, உடல்நலம் பற்றியது. அமெரிக்கர்கள் இதைத்தானே வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார்கள் என்று வாஷிங்டன் கேட்டது. ஸாம்பியர்கள் கொடுத்த பதில், அமெரிக்கர் ஒருவரின் உணவில் சோளம் ஒரு சிறு பகுதி, அதுவும் பதனிடப்பட்ட வடிவில் என்பதாகும். ஸாம்பியக் கிராமத்தவருக்கோ 'ன்ஷிமா' என்று அழைக்கப்படும் சோளமாக் களிதான் காலையும் மாலையும் உணவு. உடலுக்குக் கிடைக்கும் சக்தியில் பாதிக்கும் அதிகமானது அதிலிருந்தே வந்தது. அதுமட்டுமன்றி, இரு வருடங்களுக்கு முன்னர், 2000 ஆம் ஆண்டில், கால்நடைத் தீவனத்துக்கு மாத்திரம் அனுமதிக்கப்பட்டிருந்த 'ஸ்டார்லிங்க்' என்ற மரபணு மாற்றச் சோளம் அமெரிக்காவிலேயே மனித உணவில் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் சர்ச்சையாகியிருந்தது. தமது சொந்தச் சந்தையிலேயே பிரித்து வைக்க இயலாதவர்களின் உத்தரவாதத்தை எவ்வாறு நம்புவது என்ற கேள்வி நியாயமற்றதல்ல.

ஆனாலும், 'நஞ்சு' என்ற சொல் தவறானது. அன்றும் அதற்கு ஆதாரம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து 2016 இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்ற உணவுகள் ஏனைய உணவுகளைவிட மனித உடலுக்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை என்ற முடிவுக்கே வந்தது. பசியோடிருக்கும் ஒரு தாயிடம், அவள் பிள்ளைக்கு ஊட்டவிருக்கும் உணவை நஞ்சு என்று நாட்டின் தலைவர் சொல்வது சாதாரண விடயம் அல்ல. சான்று இல்லாமல் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியிருக்கக்கூடாது.

இரண்டாவது அச்சம் விதை பற்றியது. இது முற்றிலும் வேறு தரத்தது. சோளம் காற்றினால் அயன்மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பயிர். ஒரு வயலின் மகரந்தம் அடுத்த வயலின் கதிரில் போய்ச் சேரும். நிவாரணமாகக் கிடைக்கும் தானியத்தில் ஒரு பிடியை அடுத்த மழைக்கு விதைப்பதற்காக எடுத்து வைக்காத ஏழைக் கமக்காரர் உலகில் எங்கும் இல்லை. அவ்வாறு விதைத்தால், நாடு அனுமதிக்காத, பரிசோதிக்காத, தனியார் கம்பனிகளின் காப்புரிமைக்கு உட்பட்ட ஓர் இனம் யாருடைய தீர்மானமும் இன்றியே நாட்டின் வயல்களில் குடியேறிவிடும். பின்னர் அதைத் திரும்பப் பெற முடியாது. அயல்நாடுகள் மாவாக அரைத்துத் தரும்படி கேட்டமைக்குக் காரணம் இதுதான். அரைத்த சோளம் முளைக்காது.

மூன்றாவது அச்சம் வர்த்தகம் சம்பந்தப்பட்டது. ஸாம்பியா ஐரோப்பாவுக்கு மரக்கறி வகைகளையும் இளஞ்சோளத்தையும் ஏற்றுமதி செய்துவந்தது. அன்று ஐரோப்பிய ஒன்றியம் புதிய மரபணு மாற்றப் பயிர்களுக்கு அனுமதி வழங்குவதை நடைமுறையில் நிறுத்தி வைத்திருந்தது. அதற்கெதிராக 2003 மே மாதம் அமெரிக்கா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் முறைப்பாடு செய்தது. இரு செல்வந்த வல்லரசுகளின் வியாபாரச் சண்டையின் நடுவே, இரு தரப்பினதும் பொருட்களை விலை கொடுத்து வாங்க வக்கில்லாத ஒரு நாடு மாட்டிக்கொண்டது என்பதே உண்மை. தன் மேசையில் வேண்டாம் என்று ஐரோப்பா தள்ளிவைத்த உணவை ஆபிரிக்கன் நன்றி சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதேவேளை, ஐரோப்பாவின் சந்தையை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் அதே ஆபிரிக்கன் பட்டினியும் கிடக்க வேண்டியிருந்தது.

இந்தச் சர்ச்சையின்போது போதியளவு கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. உதவி செய்ய விரும்பியவர்கள் ஏன் சோளத்தைத்தான் கொடுக்க வேண்டும்? பணமாகக் கொடுத்திருந்தால் பிராந்தியத்திலேயே மரபணு மாற்றப்படாத சோளத்தை வாங்கியிருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பல அவ்வாறே செய்தன. ஆனால், அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டங்களின் பிரகாரம் தானியம் அமெரிக்க வயல்களில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்கக் கொடியுடைய கப்பல்களில் ஏற்றப்பட வேண்டும் என்றும் அன்று சட்டம் இருந்தது. அந்தப் பங்கு 2012 இல்தான் பாதியாகக் குறைக்கப்பட்டது. தானம் கொடுப்பவரின் கமக்காரருக்கும் கப்பல்காரருக்கும் முதலில் படியளந்துவிட்டு, எஞ்சியதே பசித்தவனிடம் வந்து சேரும் ஏற்பாடு இது. அமெரிக்க மக்களின் தயாள குணத்தை நான் குறைத்துக் கூறவில்லை. அந்த வருடம் அப்பிராந்தியத்துக்கு மிகக் கூடுதலாக உதவியவர்கள் அவர்கள்தான். ஆனால், உள்ளதில் ஒன்றைத் தெரிவு செய்யும் சுதந்திரம் இல்லாத ஓர் இடத்தில், 'வாங்கினால் வாங்கு, இல்லையேல் விடு' என்று சொல்வதைத் தானத்தின் இலக்கணமாகக் கொள்ள முடியாது.

இவ்வளவும் ஸாம்பிய அரசாங்கத்தின் பக்கமாகக் கூறக்கூடியவை. மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

மறுத்தவர் பசித்தவர் அல்ல. லுசாக்காவில் விவாதித்தவர்களும் அல்லர். நாட்டின் தென்மாகாணத்தில் பயிர் கருகி, கிழங்குகளையும் காட்டுக் காய்களையும் அவித்துத் தின்றுகொண்டிருந்தவர்களே பசித்தவர்கள். அங்கு சில இடங்களில் மக்கள் களஞ்சியங்களுக்குள் புகுந்து அந்தச் சோளத்தை அள்ளிச் சென்றதாக அன்று செய்திகள் வெளிவந்தன. அவர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அள்ளிச் சென்றதுதான் அவர்கள் அளித்த வாக்கு.

சங்கக்கடை வாசலில் நிவாரண அட்டையுடன் நின்ற எமது மக்களுக்கு இது விளங்காத விடயம் அல்ல. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடைக்கு மத்தியில் வடக்கிற்குக் கப்பலில் எந்த அரிசி வந்தது, அது எந்த நாட்டில் விளைந்தது என்று வரிசையில் நின்ற எவரும் கேட்டதை நான் கண்டதில்லை. வண்டு விழுந்த அரிசியையும் சுளகில் கொழித்துக் கழுவி உலையில் போட்டார்கள். அந்த வரிசையில் நிற்பவருக்காக வேறு எவரோ ஒருவர் கொள்கை முடிவு எடுப்பதில் உள்ள கொடுமையை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆதலால், ஏகாதிபத்தியத்துக்குச் சவால் விட்ட வீரராக முவனவாசாவைக் கொண்டாடுவதற்கு என்னால் இயலவில்லை.

ஆனால், அவர் எடுத்த அபாயகரமான தீர்மானம் பேரழிவில் முடியவில்லை. பல இலட்சம் பேர் மடிவார்கள் என்ற எதிர்வுகூறல் பலிக்கவில்லை. உலக உணவுத் திட்டமும் ஏனைய உதவி அமைப்புகளும் மரபணு மாற்றப்படாத தானியத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தன. அடுத்த பருவத்தில் மழையும் பெய்தது. 2002 இல் 6 இலட்சம் தொன் அளவில் இருந்த சோள விளைச்சல் 2003 இல் 11 இலட்சம் தொன்னைத் தாண்டியது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. மழை பொய்த்திருந்தால் வரலாறு அவரை வேறு விதமாக எழுதியிருக்கும்.

அதிர்ஷ்டத்துக்கு அப்பால் நடந்ததையும் கவனிக்க வேண்டும். அதே 2002 இல் ஸாம்பிய அரசாங்கம் சிறு கமக்காரருக்குப் பசளையையும் கலப்பின விதையையும் பாதி விலைக்குக் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. உணவுக் கையிருப்பு முகவரகம் விளைச்சலை உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்தது. 2010 ஆம் ஆண்டளவில் உற்பத்தி 28 இலட்சம் தொன்னை எட்டியது. அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாடாக ஸாம்பியா மாறியது. ஒரு காலத்தில் நிவாரணம் பெற்ற அந்த நாட்டிலேயே உலக உணவுத் திட்டம் தானியம் வாங்கிய காலமும் வந்தது. இந்த மாற்றத்துக்கு மரபணு மாற்ற விதை தேவைப்படவில்லை. விதையும் பசளையும் சந்தையும் நேரத்துக்குக் கிடைத்ததே காரணம். அந்த மானியத்துக்காக நாட்டின் விவசாய வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பகுதி செலவிடப்பட்டது என்ற குறைபாட்டையும் மறைப்பதற்கில்லை.

அயலிலுள்ள மலாவியின் கதை இதற்கு எதிர்மாறானது. அந்த நாடு தன்னிடமிருந்த தானியக் கையிருப்பை 2001 இல் விற்றுத் தீர்த்தது. கையிருப்பைக் குறைக்குமாறு சர்வதேச நாணய நிதியம் ஆலோசனை கூறியதாக ஒரு தரப்பும், முழுவதையும் விற்கும்படி தாங்கள் சொல்லவில்லை என்று நிதியமும் பின்னர் வாதிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வருடமே பஞ்சம் வந்தது. களஞ்சியம் காலியாக இருந்த நாட்டுக்கு நிபந்தனை விதிக்கும் பலம் இருக்கவில்லை. பஞ்சம் வானத்திலிருந்து இறங்குவதாகத் தோன்றினாலும், அதற்கான வழி பெரும்பாலும் அலுவலக மேசைகளில்தான் வெட்டப்படுகிறது.

இந்த இடத்தில்தான், மரபணு மாற்றப் பயிர் வளர்முக நாடுகளின் உணவுப் பாதுகாப்புக்கு வரமா, சாபமா என்ற வழமையான பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் குன்றிப்போகிறது. பயிரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர், அதை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லக்கூடிய நிலையில் அந்த நாடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஸாம்பியாவின் பிற்காலம் இதற்கு நல்ல உதாரணம். நெருக்கடி கழிந்த பின்னர் அந்த நாடு சும்மா இருக்கவில்லை. உயிரியல் பாதுகாப்புத் தொடர்பான கார்ட்டஹேனா உடன்படிக்கையில் இணைந்தது. 2007 இல் அதற்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய அதிகாரசபை ஒன்றை அமைத்தது. அந்த அதிகாரசபையே 2018 இல் சில கம்பனிகளுக்கு மரபணு மாற்றப் பொருட்கள் அடங்கிய பதனிடப்பட்ட உணவுகளை இறக்குமதி செய்ய அனுமதி அளித்தது. 'நஞ்சு' என்று தொடங்கிய நாடு, தன் சட்டத்தின்படி, தன் ஆய்வுகூடத்தின் துணையோடு, உணவு வேறு விதை வேறு என்று பிரித்துப் பார்க்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2008 இல் காலமான முவனவாசா இதைக் காண உயிருடன் இருக்கவில்லை.

இன்னொரு பாதையையும் ஸாம்பியா காட்டியது. விற்றமின் ஏ குறைபாட்டைப் போக்குவதற்கென மரபணு மாற்றம் எதுவும் இன்றி, வழமையான இனவிருத்தி முறையில் உருவாக்கப்பட்ட செம்மஞ்சள் நிறச் சோள இனங்கள் அங்கு 2012 இல் வெளியிடப்பட்டன. அதே நோக்கத்துக்காக உருவாக்கப்பட்ட மரபணு மாற்றப் 'பொன் அரிசி' 2000 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமானது. பிலிப்பைன்ஸில் அதன் பயிர்ச்செய்கைக்கு அனுமதி கிடைத்தது 2021 இல்தான். 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியையும் இரத்துச் செய்தது.

எனினும், ஸாம்பியாவின் வெற்றிக் கதையை மிகைப்படுத்துவதும் தவறு. 2018 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி அங்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். களஞ்சியம் நிறைந்த நாட்டிலும் பிள்ளையின் தட்டில் களியைத் தவிர வேறொன்றும் இல்லாதிருக்கலாம். சோளம் மிகுந்தால் போசாக்கு மிகும் என்பதில்லை.

காலநிலையும் மாறிவிட்டது. 2024 இல் எல் நினோ வறட்சி ஸாம்பியாவின் 22 இலட்சம் ஹெக்டேயர் சோளச் செய்கையில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேயரை அழித்தது. ஜனாதிபதி ஹக்கைண்டே ஹிச்சிலேமா பெப்ரவரி 29 இல் அதைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனம் செய்தார். தன்சானியாவிடமிருந்து சோளம் வாங்க உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. அதற்கு முன்னரே, 2016 இன் இறுதியில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு ஸாம்பிய வயல்களில் இறங்கிவிட்டது. அதே புழு 2018 இல் இலங்கையின் அம்பாறை, மொனராகலை சோளச் சேனைகளை 'சேனா படைப்புழு' என்ற பெயரில் எவ்வாறு சூறையாடியது என்பதை எமது விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். புழுவைத் தாங்கும் மரபணு மாற்றச் சோளம் தென்னாபிரிக்காவில் நீண்டகாலமாகப் பயிரிடப்படுகிறது. புழுவுக்கு நஞ்சு தெளித்துத் தெளித்து நோயாளியாகும் கமக்காரரிடம், இயற்கையின் தூய்மை பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க முடியாது. மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. பங்களாதேஷின் கத்தரிக்காய் அதைக் காட்டுகிறது. காய்துளைக்கும் புழுவைத் தாங்கும் மரபணு மாற்றக் கத்தரி இனங்களுக்கு அந்நாடு 2013 ஒக்டோபரில் அனுமதி வழங்கி, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக்களைக் கொடுத்தது. தொழில்நுட்பம் இந்தியக் கம்பனியொன்றிடமிருந்து வந்ததாயினும், இனங்களை வெளியிட்டது அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிறுவனம். அவை கலப்பினங்கள் அல்ல என்பதால் விவசாயி தனது காயிலிருந்தே மறுபோகத்துக்கு விதை எடுக்கலாம். பீடைநாசினிக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குபற்றிய இதே கத்தரித் திட்டத்தை இந்தியாவில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பெப்ரவரியில் இடைநிறுத்தினார். பல நகரங்களில் பகிரங்கக் கூட்டங்களை நடத்தி, விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் கேட்ட பின்னரே அவர் அந்த முடிவுக்கு வந்தார். ஒரு நாடு ஆம் என்றது, மற்றையது இல்லை என்றது. இரண்டு முடிவுகளோடும் ஒருவர் முரண்படலாம். ஆனால், இரண்டும் அந்தந்த நாடுகள் தாமே எடுத்த முடிவுகள்.

இலங்கைக்கு இதில் இரு பாடங்கள் உண்டு. ஸாம்பியா மறுப்பதற்கு ஒரு வருடம் முன்னதாகவே, 2001 மே முதலாந் திகதி முதல் மரபணு மாற்ற உணவுகளின் இறக்குமதியைத் தடைசெய்யப்போவதாக இலங்கை அறிவித்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிகளைச் சுட்டிக்காட்டி ஏற்றுமதி நாடுகள் கொடுத்த நெருக்குதலின் விளைவாக அது முதலில் செப்டெம்பருக்கும், பின்னர் காலவரையறையின்றியும் ஒத்திவைக்கப்பட்டது. முகப்புச் சுட்டியிட்டு அனுமதி பெற வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2007 இல்தான் நடைமுறைக்கு வந்தது. தடை சரியா, பிழையா என்பது வேறு விடயம். சரிபிழையை நாமே தீர்மானிக்க விடப்படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது பாடத்தை நாம் 2021 இல் கற்றோம். இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்த அந்தத் தீர்மானத்துக்கு வெளிநாட்டு நிர்ப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. கமக்காரரைக் கேட்காமல், விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், நாட்டின் தலைவர் எடுத்த முடிவு அது. நவம்பரில் அது கைவிடப்பட்டபோது பெரும்போகம் பறிபோயிருந்தது. தீர்மானம் எமது கையில் இருப்பது மாத்திரம் போதாது. அந்தக் கை யாருடையது என்பதும் முக்கியம்.

பசித்தவனுக்கு மறுக்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றே இன்று பதில் கூறுவேன். ஆனால் அந்த உரிமை பசித்தவனுடையது. அவன் பெயரில் பேசுபவருடையது அல்ல. அது பஞ்சம் வந்த பின்னர் அறிக்கைகளின் மூலம் பெறப்படக்கூடியதும் அல்ல. களஞ்சியத்தில் ஒரு வருடத்துக்குத் தானியமும், விதை ஆராய்ச்சிக்கென அரசாங்கத்தின் சொந்தப் பணமும், வருவதைப் பரிசோதிக்க ஓர் ஆய்வுகூடமும், முடிவெடுக்கும்போது கமக்காரருக்கு மேசையில் ஓர் ஆசனமும் இருக்கும் நாடு, மரபணு மாற்ற விதையை ஏற்றாலும் மறுத்தாலும் பிழைத்துக்கொள்ளும். இவை எதுவும் இல்லாத நாட்டுக்கு அந்தக் கேள்வியே கிடைக்காது. வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று அந்தச் செய்தியை இரு பத்திகளில் சுருக்கியபோது, கடைசியில் ஒரு வசனத்தை இடமின்மையால் வெட்டினேன். அரைத்துக் கொடுத்தால் அயல்நாடுகள் ஏற்றுக்கொள்ளத் தயார் என்ற தகவல் அதில் இருந்தது. முளைக்கும் தானியத்துக்கும் முளைக்காத மாவுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது என்பதை, கமக்காரக் குடும்பத்தில் பிறந்த நான் அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.